பால்பல்லுக்கும் வேர் சிகிச்சையா? "எப்படியும் விழப்போற பல்தானே" என்று முடிவெடுக்கும் முன்...

இரவு 2 மணி. உங்கள் 5 வயது மகள் தூக்கத்திலிருந்து எழுந்து அழுகிறாள்.

"அம்மா, பல்லு வலிக்குது."

கைத்தொலைபேசி விளக்கை அடித்து வாய்க்குள் பார்க்கிறீர்கள். கடைசிக் கடைவாய்ப்பல்லில் கறுப்பாக ஒரு குழி. போன மாதம் சின்னப் புள்ளியாகத்தான் இருந்தது.

மறுநாள் பல் மருத்துவர் ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "சொத்தை நரம்பு வரைக்கும் போயிடுச்சு. வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றலாம்."

வீட்டுக்கு வந்தால் பாட்டி வேறு மாதிரி சொல்கிறார்: "விழப்போற பல்லுக்கு எதுக்கு இவ்வளவு செலவு? பிடுங்கிப் போட்டா முடிஞ்சது."

இருவரில் யார் சொல்வது சரி?

சில பிள்ளைகளுக்கு மருத்துவர் சொல்வது சரி. சில பிள்ளைகளுக்குப் பாட்டி சொல்வதும் சரி. பால்பல் விழத்தான் போகிறது, அதில் சந்தேகமில்லை. அது எப்போது விழும், அதுவரை வாயில் அதற்கு என்ன வேலை என்பதைப் பொறுத்துத்தான் முடிவு அமையும்.

பால்பல் எப்போது விழும்?

பிள்ளைகளுக்கு மொத்தம் 20 பால்பற்கள். முதல் பல் சுமார் 6 மாதத்தில் முளைக்கும். ஏறக்குறைய 3 வயதுக்குள் எல்லாம் வந்துவிடும்.

"தொடக்கப்பள்ளிக்குப் போனதும் எல்லாம் விழுந்துடும்" என்று பலர் நினைக்கிறார்கள். அது முன்பற்களுக்குத்தான் பொருந்தும்.

- முன்பற்கள்: சுமார் 6 முதல் 8 வயதுக்குள் விழும்
- முதல் கடைவாய்ப் பால்பல்: சுமார் 9 முதல் 11 வயதில்
- இரண்டாவது கடைவாய்ப் பால்பல்: சுமார் 10 முதல் 12 வயதில்

பிள்ளைக்குப் பிள்ளை சற்று மாறும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 வயது மகளின் கடைசிக் கடைவாய்ப்பல் இன்னும் 5, 6 ஆண்டுகள் வாயில் இருக்க வேண்டிய பல். தொடக்கப்பள்ளிக் காலம் முழுவதும் அவள் சோறு மெல்லப் போவது அந்தப் பல்லில்தான்.

அதுவரை அந்தப் பல் என்ன செய்கிறது?

மெல்வது ஒரு வேலை. இன்னொரு வேலை வெளியில் தெரியாது. நிரந்தரப் பல்லுக்கு அது இடம் பிடித்து வைக்கிறது.

சுமார் 6 வயதில், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமலேயே அது வருவதால், அதையும் பால்பல் என்றே பல பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள்.

அதற்கு முன்னால் இருக்கும் பால்பல் முன்கூட்டியே போய்விட்டால், இந்தப் புதிய பல் காலியான இடத்தை நோக்கி நகர்ந்து வரும். பிறகு 11 வயதில் அடியிலிருந்து மேலே வரவேண்டிய நிரந்தரப் பல்லுக்கு இடம் இருக்காது. அது கோணலாக வரலாம், வராமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளவும் செய்யலாம். அதைச் சரிசெய்யப் பதின்ம வயதில் பல் சீரமைப்புக் கம்பி தேவைப்படலாம்.

முன்பற்களில் இந்த இடப் பிரச்சினை அவ்வளவாக இல்லை. அதனால்தான் ஒரே அளவு சொத்தை என்றாலும் முன்பல்லுக்கு ஒரு முடிவு, கடைவாய்ப்பல்லுக்கு வேறு முடிவு.

"அப்படியே விட்டுவிடலாமா?"

சிகிச்சையும் வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம், வலித்தால் மருந்து கொடுப்போம் என்று சிலர் தள்ளிப்போடுவார்கள். மூன்று வழிகளில் இதுதான் மோசமானது.

பால்பல்லின் வேர்களுக்கு அடியிலேயே நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. வேரில் சீழ் பிடித்து நீண்டநாள் இருந்தால், அடியில் வளரும் பல்லின் எனாமல் பாதிக்கப்படலாம். பிறகு அந்தப் பல் வெள்ளை அல்லது பழுப்புத் திட்டுகளுடன் முளைக்கக்கூடும்.

பிள்ளையின் அன்றாட வாழ்க்கையும் கெடும். வலிக்கும் பிள்ளை ஒரு பக்கமாகவே மெல்லும், சாப்பாட்டைத் தள்ளிவிடும், இரவில் தூங்காது. வகுப்பில் கவனம் இருக்காது. "பிள்ளை சரியாச் சாப்பிட மாட்டேங்குது" என்று நாம் கவலைப்படும்போது காரணம் பல்லாகவும் இருக்கலாம்.

சொத்தை ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது?

பால்பல்லின் எனாமல் நிரந்தரப் பல்லின் எனாமலைவிட மெல்லியது. அதற்குள் இருக்கும் பல்கூழ், அதாவது நரம்பும் இரத்த நாளங்களும் இருக்கும் மென்மையான பகுதி, பல்லின் அளவோடு ஒப்பிட்டால் பெரியது. வெளியிலிருந்து நரம்பைத் தொட அதிக தூரம் இல்லை.

இரண்டு கடைவாய்ப்பற்களுக்கு இடையில் தொடங்கும் சொத்தை இன்னும் ஏமாற்றும். மேலிருந்து பார்த்தால் சின்னக் கறையாகத் தெரியும். ஊடுகதிர்ப் படத்தில்தான் உண்மையான ஆழம் தெரியவரும்.

வலியைக் கவனியுங்கள்

எல்லாச் சொத்தைக்கும் வேர் சிகிச்சை தேவையில்லை. ஆழம் குறைவு என்றால் பல் அடைத்தால் போதும். சில கடைவாய்ப்பற்களில் சொத்தையைத் தோண்டாமலேயே மேலே உறை போட்டு மூடிவிடும் முறையும் உண்டு. வெள்ளி கலந்த ஃபுளோரைடு திரவத்தைத் தடவிச் சொத்தை பரவாமல் நிறுத்தும் வழியும் இருக்கிறது. அதில் சொத்தையான இடம் கறுப்பாகிவிடும்.

பிள்ளையின் வலி ஓரளவு துப்புக் கொடுக்கும்.

- இனிப்பு, குளிர்ந்த பானம் பட்டால் மட்டும் கூசுகிறது, உடனே போய்விடுகிறது: நரம்பு இன்னும் காப்பாற்றக்கூடிய நிலையில் இருக்கலாம்.
- தானாகவே வலிக்கிறது, இரவில் எழுப்புகிறது, வெகுநேரம் நீடிக்கிறது: பல்கூழ் பெரும்பாலும் மோசமாகப் பாதிக்கப்பட்டுவிட்டது.
- ஈறில் சின்னக் கொப்புளம், சீழ் வடிகிறது, பல் ஆடுகிறது: கிருமித்தொற்று வேர் வரை போயிருக்கலாம்.

ஒன்றை நினைவில் வையுங்கள். துடித்த வலி திடீரென்று நின்றுபோனால் பல் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. நரம்பு செத்துப்போனாலும் வலி நிற்கும்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

கன்னம் வேகமாக வீங்கிக் கண் அல்லது தாடையின் கீழ்ப்பகுதி வரை போவது, காய்ச்சலோடு பிள்ளை சோர்ந்து கிடப்பது, வாயைத் திறக்கவோ விழுங்கவோ முடியாதது. இவை இருந்தால் காலைவரை காத்திருக்காமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். மூச்சுவிடச் சிரமப்பட்டால் 995ஐ அழையுங்கள்.

பால்பல் வேர் சிகிச்சையில் என்ன செய்வார்கள்?

"வேர் சிகிச்சை" என்று பொதுவாகச் சொன்னாலும் பிள்ளைகளுக்கு இரண்டு வகை உண்டு. உங்கள் பிள்ளைக்கு எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் வகையில் பல்கூழின் மேல்பகுதியை மட்டும் எடுப்பார்கள். தலைப்பகுதியில் உள்ள கூழ் கெட்டிருக்கும், வேருக்குள் இருப்பது இன்னும் உயிரோடு இருக்கும். கெட்டதை நீக்கி, இரத்தம் நின்றதும் மருந்து வைத்து மூடிவிடுவார்கள். வேரைத் தொடுவதில்லை. பெரும்பாலும் ஒரே வருகையில் முடிந்துவிடும்.

இரண்டாவது வகை, வேருக்குள் உள்ள கூழும் கெட்டுவிட்டால் செய்யப்படுவது. முழுக் கூழையும் எடுத்து, வேர்க் குழாய்களைச் சுத்தம் செய்து, மருந்துப் பசையால் நிரப்புவார்கள். சீழ் இருந்தால் இரண்டு முறை வர வேண்டியிருக்கலாம்.

பெரியவர்களுக்குச் செய்யும் வேர் சிகிச்சையிலிருந்து இது ஒரு முக்கியமான விதத்தில் மாறுபடுகிறது. பெரியவர்களின் வேர்க் குழாயில் ரப்பர் போன்ற நிரந்தரப் பொருளை அடைப்பார்கள். பால்பல்லில் அப்படிச் செய்தால் சிக்கல். அடியிலிருந்து நிரந்தரப் பல் மேலே வரும்போது பால்பல்லின் வேர் தானாகக் கரைய வேண்டும். அதனால் வேரோடு சேர்ந்து கரையக்கூடிய பசையைத்தான் உள்ளே நிரப்புகிறார்கள். பல்லை அதன் காலம்வரை வைத்திருந்து, நேரம் வந்ததும் விழ விடுவதே இந்தச் சிகிச்சையின் நோக்கம்.

வெள்ளி நிறத்தில் ஏன் தொப்பி?

சிகிச்சை முடிந்த கடைவாய்ப்பல்மீது பெரும்பாலும் எஃகு உறை ஒன்றை மாட்டுவார்கள். பல பெற்றோர் தயங்குவது இங்கேதான். "சிரிச்சா பளபளன்னு தெரியுமே!"

சொத்தையும் துளையிடுதலும் சேர்ந்து பல்லின் சுவர்களைப் பலவீனமாக்கிவிடும். வெறுமனே அடைத்தால் பல் உடையலாம், விளிம்பு வழியே கிருமி மறுபடியும் உள்ளே போகலாம். உறை பல்லை முழுவதும் மூடிக் காக்கிறது. பால்பல் விழும்போது உறையும் சேர்ந்தே விழுந்துவிடும், தனியாகக் கழற்ற வேண்டியதில்லை.

முன்பற்களுக்குப் பல்நிறப் பொருள்களைப் பயன்படுத்தலாம். கடைவாய்ப்பல்லுக்கும் வெள்ளை நிற உறைகள் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்குப் பல்லை அதிகம் செதுக்க வேண்டும், விலையும் பொதுவாகக் கூடுதல்.

எப்போது பிடுங்குவதுதான் நல்லது?

இந்தச் சூழ்நிலைகளில் பாட்டி சொல்வதுதான் சரி.

- பல் இன்னும் சில மாதங்களில் விழப்போகிறது, வேர் ஏற்கெனவே பெரும்பகுதி கரைந்துவிட்டது
- உறை மாட்டக்கூட இடமில்லாத அளவுக்குப் பல் சிதைந்துவிட்டது
- வேரைச் சுற்றியுள்ள எலும்பு அதிகம் அரிக்கப்பட்டு, பல் ஆடுகிறது
- பிள்ளைக்குக் குறிப்பிட்ட சில இதயக் கோளாறுகள் உள்ளன, அல்லது நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைவு. இவர்களுக்குக் கிருமி மிச்சமிருப்பதே ஆபத்து என்பதால் பல்லை எடுத்துவிடுவது பாதுகாப்பு

கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினால் இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: "இடத்தைப் பிடித்து வைக்க ஏதாவது போட வேண்டுமா?" பக்கத்துப் பல்லில் வளையமாக மாட்டும் சிறிய கம்பிக் கருவி அதற்கென்றே இருக்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் அது தேவைப்படாது. ஆனால் கேட்காமல் விட்டுவிட்டு, பல ஆண்டு கழித்துத் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. சில பிள்ளைகளுக்கு அடியில் நிரந்தரப் பல்லே உருவாகியிருக்காது. அது ஊடுகதிர்ப் படத்தில் தெரியும். அப்படியென்றால் அந்தப் பால்பல்லை நீண்டகாலம் வைத்திருப்பதே நல்லது என்று மருத்துவர் கருதலாம்.

"என் பிள்ளை நாற்காலியில உட்காரவே மாட்டானே!"

பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஈறில் களிம்பு தடவி, பிறகு மரத்துப்போகும் ஊசி போட்டே சிகிச்சை செய்யலாம். பயம் அதிகம் என்றால் மூக்கு வழியே சுவாசிக்கும் "சிரிப்பு வாயு" உதவும். பிள்ளை விழித்தே இருக்கும், பதற்றம் மட்டும் குறையும்.

மிகச் சிறிய பிள்ளை, பல பற்களில் சொத்தை, சிறப்புத் தேவையுள்ள பிள்ளை என்றால் முழு மயக்க மருந்து கொடுத்து ஒரே நாளில் எல்லாப் பற்களையும் கவனிக்க மருத்துவர் பரிந்துரைக்கலாம். அதற்கு மருத்துவமனை வசதி வேண்டும், முன்கூட்டியே பட்டினி இருக்க வேண்டும். அதன் ஆபத்துகளையும் நன்மைகளையும் நிதானமாகக் கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடிய ஓர் உதவி உண்டு. "சேட்டை பண்ணா டாக்டர் ஊசி போடுவாரு" என்று மிரட்டாதீர்கள். "ஒண்ணுமே வலிக்காது" என்று பொய்யும் சொல்லாதீர்கள். "டாக்டர் உன் பல்லைத் தூங்க வெச்சு, சுத்தம் பண்ணி, தொப்பி போட்டு விடுவாரு" என்றால் போதும்.

மருத்துவரைப் பார்க்கும்வரை வீட்டில் என்ன செய்யலாம்?

பாரசிட்டமால் மருந்தைப் பிள்ளையின் எடைக்கேற்ற அளவில் கொடுக்கலாம். பொட்டலத்தில் உள்ள அளவைப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் மருந்தாளரைக் கேளுங்கள். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக்கூடாது.

கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்துப் பல்லில் வைப்பது நம் வீடுகளில் பழக்கம். சிறு பிள்ளைக்கு அது வேண்டாம். ஈறு புண்ணாகலாம், விழுங்கினால் ஆபத்து.

மிச்சமிருக்கும் பழைய கிருமிக்கொல்லி மருந்தையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். அது வீக்கத்தைத் தற்காலிகமாகக் குறைக்கலாம். பல்லுக்குள் இருக்கும் கெட்ட கூழை அது அகற்றாது. பல்லுக்குச் சிகிச்சை செய்யாதவரை தொற்று திரும்பவும் வரும்.

சிகிச்சைக்குப் பிறகு

சில மணி நேரத்துக்கு உதடும் கன்னமும் மரத்துப்போயிருக்கும். அது புதுமையாக இருப்பதால் பிள்ளைகள் உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள். உணர்வு திரும்பும்வரை கண் வைத்திருங்கள்.

ஒட்டும் மிட்டாய், கடினமான முறுக்கு போன்றவற்றைத் தவிர்த்தால் உறை கழலாது.

சுமார் 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குச் செல்லுங்கள். எல்லாச் சிகிச்சையும் வெற்றி பெறும் என்று சொல்ல முடியாது. மறுபடியும் ஈறில் கொப்புளம், வீக்கம், வலி வந்தால் உடனே காட்டுங்கள். அப்போது பல்லைப் பிடுங்க வேண்டியிருக்கலாம்.

சிங்கப்பூரில் எங்கே போவது?

தொடக்கப்பள்ளி மாணவர்களுக்குப் பள்ளிப் பல் மருந்தகம் முதல் இடம். பாலர் பள்ளிப் பிள்ளைகளைப் பல் சேவை உள்ள பலதுறை மருந்தகத்துக்கோ தனியார் பல் மருந்தகத்துக்கோ அழைத்துச் செல்லலாம். சிக்கலான சிகிச்சை என்றால் தேசியப் பல் நிலையம், கேகே மகளிர், சிறார் மருத்துவமனை போன்ற இடங்களில் உள்ள சிறார் பல் நிபுணர்களிடம் அனுப்புவார்கள்.

கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். சிகிச்சை, உறை, ஊடுகதிர்ப் படம் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று முன்கூட்டியே கேளுங்கள். பல் மருந்தகத்தில் மெடிசேவ் பணத்தைப் பொதுவாக அறுவைச் சிகிச்சைகளுக்கு மட்டுமே பயன்படுத்தலாம், சாதாரணப் பல் அடைப்புக்கு முடியாது. உங்கள் பிள்ளையின் சிகிச்சைக்குப் பொருந்துமா, சிறார் மேம்பாட்டுக் கணக்கை அங்கு பயன்படுத்தலாமா என்பதையும் மருந்தகத்திடமே கேட்டுக்கொள்ளலாம்.

மருத்துவரிடம் கேட்க 5 கேள்விகள்

1. இது எந்தப் பல்? சாதாரணமாக எந்த வயதில் விழும்?
2. அடியில் நிரந்தரப் பல் இருக்கிறதா? எவ்வளவு தூரம் வந்திருக்கிறது?
3. கூழின் மேல்பகுதியை மட்டும் எடுக்கிறீர்களா, முழுவதுமா?
4. பிடுங்கினால் இடம் பிடிக்கும் கருவி தேவையா? அதற்கு எவ்வளவு ஆகும்?
5. சிகிச்சை பலிக்கவில்லை என்றால் அடுத்து என்ன?

பிள்ளைக்கு ஒவ்வாமை, ஆஸ்துமா, இதயக் கோளாறு, ஜி6பிடி குறைபாடு ஏதேனும் இருந்தால் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

மற்ற பற்களைக் காப்பாற்ற

ஒரு பல் சொத்தையானால் மற்ற பற்களும் அதே பழக்கத்தில்தான் இருக்கின்றன. சிங்கப்பூர்க் குழாய்நீரில் பல்லாண்டுகளாக ஃபுளோரைடு கலக்கப்படுகிறது. அது உதவுகிறது, ஆனால் இரவு முழுவதும் வாயில் பால் புட்டியோடு தூங்கும் பிள்ளைக்கு அது மட்டும் போதாது.

- பால் குடித்த பிறகு பல் துலக்கிவிட்டுத் தூங்க வையுங்கள். புட்டியோடு படுக்க வைக்காதீர்கள்.
- ஃபுளோரைடு பற்பசை பயன்படுத்துங்கள். 3 வயதுக்குக் கீழ் ஓர் அரிசி அளவு, 3 முதல் 6 வயதுவரை ஒரு பட்டாணி அளவு.
- சுமார் 7, 8 வயதுவரை இரவில் நீங்களே துலக்கிவிடுங்கள் அல்லது பக்கத்தில் நின்று பாருங்கள்.
- நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக மைலோ, பழச்சாறு, பிஸ்கட் என்று கொடுக்காதீர்கள். எவ்வளவு இனிப்பு என்பதைப் போலவே எத்தனை முறை என்பதும் முக்கியம்.
- மாதம் ஒருமுறை மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறோரம் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் ஆரம்பம். அந்தக் கட்டத்தில் துளையிடாமலேயே அதை நிறுத்த முடியும்.
- முதல் பல் முளைத்ததும், 1 வயதுக்குள், முதல் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இப்போது பாட்டியிடம் என்ன சொல்வது?

"விழப்போற பல்தான் பாட்டி. ஆனா இன்னும் 5 வருஷம் கழிச்சுத்தான் விழும். அதுவரைக்கும் இவ அதுலதான் மெல்லணும்." ஊடுகதிர்ப் படத்தையும் காட்டுங்கள். அடியில் காத்திருக்கும் புதுப் பல்லைப் பார்த்தால் பாட்டிக்கும் விஷயம் புரிந்துவிடும்.